உடல்வாகின் மேல் சுமத்தும் பழி

வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளை தவறாமல் உட்கொண்ட ஒருவருக்கு, நோய் தீர்வதற்குப் பதிலாகத் தோல் உரிந்து, கண் மங்கி, உயிருக்கே ஆபத்து நேருமாயின், அச்செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் அனைவரும் ஒரே குரலில் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அது அவரவர் உடல்வாகு, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?' மருந்தை எழுதிய டாக்டர் இதைச் சொல்கிறார். விற்ற மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். பார்க்க வந்த உறவினர், வாங்கி வந்த பழத்தைக் கட்டிலோரத்தில் வைத்துவிட்டு இதையே சொல்கிறார். சில நாட்களில் நோயாளியும், தம் சரீரத்தில் ஏதோ தோஷம் இருப்பதாக எண்ணி நாணி, அவ்வார்த்தையைத் தாமே சொல்லத் தொடங்கிவிடுகிறார். கேட்பதற்கு ஆறுதலாகவும் எவர் மனத்தையும் நோகச் செய்யாததாகவும் இருக்கும் இந்தச் சமாதானம், என் அபிப்பிராயத்தில், உண்மைக்கு மாறானது. அதனினும் மேலாக, இன்னும் பலரை அதே ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. ஆகவே அதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அதில் உண்மையின் சாயலே இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒரே மருந்தை ஆயிரம் பேர் உண்டு சுகமாயிருக்க, ஒருவர் மட்டும் துன்புறுகிறார் என்றால், அவருடைய சரீர அமைப்பும் அதற்கு ஒரு காரணம் என்பது மெய்யே. 1902 இல் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர், கடல் உயிர் ஒன்றின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திச் சோதித்தபோது, முதல் முறை பெற்ற விஷத்தைத் தாங்கிப் பிழைத்த நாய், சில வாரங்களுக்குப் பின் அதனினும் அற்பமான அளவைப் பெற்ற சிறிது நேரத்திலேயே மாண்டுபோவதைக் கண்டார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அது அந்த நாயின் உடல்வாகு' என்று சொல்லி அவர்கள் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு போய்விடவில்லை. அந்த வாகு எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டார்கள். உடலில் காரணம் இருக்கிறது என்பது விசாரணையைத் தொடங்குவதற்கு உரிய இடமே அன்றி முடிப்பதற்கு உரிய இடம் அன்று.

முன்கூட்டி அறிய முடியாது என்பது இச்சமாதானத்தின் முதல் தூண். இது சில மருந்துகளைப் பொறுத்தவரை நேற்றைய உண்மை, இன்று உண்மையன்று. கார்பமாசெபின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வலிப்பு நோய்க்கும், முகத்தில் மின்னல் பாய்வதுபோல் வந்து போகும் நரம்பு வலிக்கும் உலகெங்கும் வழங்கப்படும் அருமையான மருந்து அது. அதனால் நலம் பெற்றோர் எண்ணிறந்தோர். ஆயினும் அதை உண்டவர்களுள் மிகச் சிலருக்கு, தோலும் வாயும் கண்ணும் வெந்து உரியும் கொடிய விளைவு நேர்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் 1922 இல் முதன்முதலாக விவரித்தமையால் அதற்கு அவர்கள் பெயரே வழங்குகிறது. அதன் முற்றிய வடிவத்தை 1956 இல் ஆலன் லயல் என்பவர் விவரித்தார். 2004 இல் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கார்பமாசெபினால் இவ்விதம் துன்புற்ற 44 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணுக் குறி அந்த 44 பேரிடத்தும் இருக்கக் கண்டார்கள். அதே மருந்தைத் தீங்கின்றி உண்டு வந்த 101 பேரிலோ அது மூவரிடம் மட்டுமே இருந்தது. 2007 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆசிய வமிசத்தார்க்கு இம்மருந்தைத் தொடங்குமுன் அச்சோதனையைச் செய்யும்படி மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை சேர்த்தது. அதன் பின்னர் தைவானில் 4,877 பேரை முன்னதாகச் சோதித்து, குறி இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்து, மற்றவர்களுக்கு மட்டும் கார்பமாசெபின் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய கணக்கின்படி பத்துப் பேருக்காவது இந்த விபரீதம் நேர்ந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் நேரவில்லை. இந்த முடிவு 2011 இல் வெளியாயிற்று.

இந்தியாவைச் சேர்ந்த நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. நம்மவருள் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இக்குறி உடையவர் என்றும், சில சமூகத்தாரிடம் அது இன்னும் அதிகம் என்றும் அமெரிக்கக் குறிப்பேடு சொல்கிறது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வமிசத்தைச் சேர்ந்த எவருக்கும் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்வதே முறையான வைத்தியம் என்று அரசாங்கம் வகுத்திருக்கிறது. அவ்வாறாயின், தஞ்சையிலிருந்து சிங்கப்பூருக்குக் குடியேறிய ஒருவரின் பேரனுக்கு இச்சோதனை உண்டு; தஞ்சையிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் பேரனுக்கு, கேட்டுப் பெறுவதற்கு ஆள் இல்லாவிட்டால், இல்லை. இருவர் உடம்பிலும் ஓடுவது ஒரே இரத்தம். இங்கே வேறுபட்டது உடல்வாகா, அல்லது வைத்திய ஒழுங்கா?

எல்லா மருந்துக்கும் இத்தகைய சோதனை உண்டென்று நான் சாதிக்கவில்லை. அந்தக் குறி இல்லாதவர்க்கும் சில வேளை தீங்கு வருவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை. எய்ட்ஸ் நோய்க்கான அபாகவீர், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் முதலிய சில மருந்துகளுக்கே இவ்விதக் குறிகள் நன்கு நிலைநாட்டப்பட்டிருக்கின்றன. மற்றவற்றுக்கு என்ன செய்வது? இங்கேதான் நான் என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தமக்கையாருக்கு முகத்தின் வலப்பக்கத்தில் நரம்பு வலி. பல் தேய்த்தால் வலி, காற்றுப் பட்டால் வலி. பல் வைத்தியரிடம் சென்று இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டும் தீராத வலி. கடைசியில் ஒரு டாக்டர் நோயைச் சரியாகவே கண்டறிந்து, கார்பமாசெபின் எழுதிக் கொடுத்து, 'வலி நின்னுடுச்சுன்னு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா' என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வலி நின்றது. வீட்டில் அனைவரும் அவரைக் கொண்டாடினோம். மூன்றாவது வாரத்தில் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது, கண் சிவந்தது. தெருவில் அப்போது பலருக்கு மெட்ராஸ் ஐ இருந்ததால் அதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். வாயில் புண் வந்தது. உடம்புச் சூடு என்று இளநீரும் மோரும் கொடுத்தார்கள். மார்பிலும் முதுகிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றியதும், வீட்டுப் பெரியவர்கள் அம்மை என்று தீர்மானித்து, வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் நீர் தெளித்து, வெளியார் வரவை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், டாக்டர் நிறுத்தக் கூடாதென்று சொன்ன அந்த மாத்திரை மட்டும் காலையும் இரவும், தொண்டையில் இறங்காதபோதும் பொடித்துத் தேனில் குழைத்து, தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதில் அறியாமை யாருடையது என்று வாசகர் ஆலோசித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலையும் கண் சிவப்பையும் தடிப்பையும் கண்டு அம்மை என்று கருதுவது, தலைமுறை தலைமுறையாக அம்மையைக் கண்டு வாழ்ந்த மக்களுக்கு இயல்பு. அவர்களைப் பழிப்பதில் நியாயம் இல்லை. ஆனால் 'முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ, கண் சிவப்போ, தோலில் தடிப்போ வந்தால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்' என்ற ஒரே ஒரு வாக்கியம், சீட்டை நீட்டும்போது சொல்லப்பட்டிருக்குமானால், அந்த வீட்டில் வேப்பிலை செருகும்போதே ஒருவருக்காவது அது நினைவுக்கு வந்திருக்கும். இவ்விளைவு பெரும்பாலும் மருந்து தொடங்கிய சில நாட்களுக்குப் பின்னர், முதல் எட்டு வாரத்துக்குள் வருவது என்பது வைத்திய நூல்கள் நன்கு அறிந்த விஷயம். உடலிலிருந்து விரைவில் கழிந்துவிடும் மருந்தானால், அதை ஒரு நாள் முன்னதாக நிறுத்துவதும் மரண அபாயத்தைக் குறைக்கிறது என்று 2000 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒரு நாளுக்கே அத்தனை மதிப்பு இருக்குமானால், சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தின் மதிப்பு என்ன?

அக்காளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கையைப் பிடித்துத் தூக்கிய இடத்தில் தோல், நனைந்த காகிதம்போல் விரலோடு வந்துவிட்டது. போர்வையும் விரிப்பும் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகக் கழுவித் துடைத்த வாழையிலைகளைக் கட்டிலில் பரப்பி அவற்றின்மேல் படுக்க வைத்தார்கள். ஈரத் துணியிலும் ஒட்டும் புண், அந்த இலையில் ஒட்டவில்லை. உதடுகள் கறுத்துப் பொருக்குத் தட்டி மூடிக்கொள்ள, உறிஞ்சு குழலும் நுழையாமல் மூக்கு வழியே ஆகாரம் செலுத்தப்பட்டது. இமையின் உட்பக்கம் விழியோடு ஒட்டிப் போகாதிருக்க, கண் டாக்டர் நாள்தோறும் வந்து கண்ணாடிக் கோல் ஒன்றை இமைக்குள் விட்டு மெல்ல நீவி ஒட்டுகளைப் பிரிப்பார். வலி பொறுக்காமல் அக்காள் எழுப்பிய ஒலி வெளித் தாழ்வாரம் வரையில் கேட்கும். உயிர் பிழைத்தார். நகங்கள் கழன்று புதியவை முளைத்தன. தோலில் நிறம் திட்டுத் திட்டாக மாறியது. கண்ணில் ஈரம் ஊறுவது நின்றுவிட்டபடியால், இன்றும் சொட்டு மருந்துச் சீசா இன்றி அவர் வாசல்படி தாண்டுவதில்லை. இத்தனைக்குப் பிறகு எங்களிடம் கொடுக்கப்பட்ட விடுவிப்புச் சீட்டில் 'மருந்து ஒவ்வாமை' என்று எழுதியிருந்தது. எந்த மருந்து என்று எழுதவில்லை.

அந்த ஒரு சொல் விடுபட்டதன் பலனைச் சில வருஷங்கள் கழித்துக் கண்டோம். முகவலி திரும்ப வந்தபோது, வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் ஃபெனிடாயின் எழுதினார். அது பெயரால் வேறாயினும் வடிவால் கார்பமாசெபினுக்கு உறவு உடையது. ஒன்றினால் இவ்விதம் கெட்டவர்க்கு மற்றதைக் கொடுக்கலாகாது என்பது அத்துறையினர் அறிந்ததே. முன்பு வலி மாத்திரையால் தோல் உரிந்தது என்று அக்காள் சொல்ல, 'ஒருதடவை பட்டவங்க எல்லாரும் இப்படித்தான் எதைப் பார்த்தாலும் பயப்படுவாங்க. இது வேற மாத்திரைம்மா' என்று பதில் வந்தது. அதை உண்ணாமல் அவரைக் காத்தது, மருந்துக்கடையில் சீட்டை வாங்கிப் பார்த்த ஓர் இளம்பெண், 'இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? பழைய அட்டை இருக்குதா?' என்று கேட்ட கேள்வி. எட்டு நிமிஷமும் செலவழியாத அந்தக் கேள்வியை, ஒவ்வாமை உண்டென்று நோயாளியே வாய் திறந்து சொன்ன பின்னும், வைத்தியர் கேட்கவில்லை. இந்த இடத்தில் உடல்வாகு என்ற பேச்சுக்கு என்ன பொருள்? அந்த உடல்வாகு இன்னதென்று ஒரு முறை, உயிரையே விலையாகக் கொடுக்கும் அளவுக்கு, தெரிந்துவிட்டதே. தெரிந்ததை நம்பவும் இல்லை, எழுதவும் இல்லை.

இனி, எச்சரித்தால் நோயாளி பயந்து மருந்தையே உண்ணாமல் விட்டுவிடுவார் என்று வைத்தியர் பலர் சொல்லும் ஆட்சேபத்தைப் பார்ப்போம். இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதால் வலிப்பு மேலும் உக்கிரமாக வரும். அதனால் உயிர் போவதும் உண்டு. ஆயினும் பயம் வேறு, விழிப்பு வேறு. காய்ச்சலோடு தடிப்பு முதலிய இந்த அறிகுறிகள் வந்தால் மட்டும் நிறுத்து, வராவிட்டால் ஒரு வேளையும் தவறாதே என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வைத்தியரிடம் நோயாளிக்கு நம்பிக்கை வளருமே அன்றிக் குறையாது. மேலும், தம் குடும்பத்தையும் தொழிலையும் வயலையும் நிர்வகிக்கும் மக்கள், ஒரு வாக்கியத்தைத் தாங்க மாட்டாத பேதைகள் என்று கருதுவது அவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பு.

மிக மிக அரிது என்பது அடுத்த தூண். ஆம், அரிதுதான். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் கார்பமாசெபினைப் புதிதாகத் தொடங்குவோர் பதினாயிரம் பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரையில் இவ்விதம் பாதிக்கப்படுகிறார்கள் என்றும், ஆசிய நாடுகள் சிலவற்றில் அது ஏறக்குறைய பத்து மடங்கு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு டாக்டர் தம் ஆயுளில் ஒரு முறைகூட இதைக் காணாமல் இருக்கலாம்; அதனாலேயே அவருக்கு அது இல்லாதது போல் தோன்றுகிறது. ஆனால் உடலில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் தோல் உரிந்தவர்களுள், ஏறக்குறைய மூவரில் ஒருவர் மாண்டுபோகிறார். பிழைத்தவர்களுள் சிலருக்குக் கருவிழியே தோலைப்போல் தடித்துப் பார்வை போய்விடுகிறது. அத்தகையோருக்கு, அவர்களுடைய பல் ஒன்றையே எலும்போடு எடுத்துக் குடைந்து அதனுள் ஒரு சிறு வில்லையைப் பொருத்தி, அந்தப் பல்லைக் கண்ணில் பதித்துப் பார்வை தரும் சத்திர சிகிச்சை ஒன்று இத்தாலி நாட்டில் தோன்றி, சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நடைபெற்று வருகிறது. வாயிலிருந்து பல்லைப் பறித்துக் கண்ணில் நடும் அளவுக்குப் போக வேண்டிய ஒரு கேட்டை, அரிது என்ற காரணத்தால் பேசாமல் விட்டுவிடலாம் என்று எவரும் மனம் ஒப்பிச் சொல்ல முடியாது.

ஊசி போட்ட சில நிமிஷங்களிலேயே மூச்சு முட்டி இரத்த அழுத்தம் விழும் மற்றொரு வகை ஒவ்வாமையும் உண்டு. அங்கேயும் இதே சமாதானம், 'டெஸ்ட் போட்டுத்தானே பார்த்தோம்' என்ற வடிவத்தில் வருகிறது. கையில் சிறு கொப்புளமாக ஏற்றிப் பார்க்கும் அந்தச் சோதனை, எல்லா மருந்துக்கும் நம்பத் தகுந்ததன்று. ஆபத்து வந்தால் எதிர்கொள்ளும் ஆயத்தமே அதனினும் பிரதானம். அவ்வேளையில் முதலில் கொடுக்க வேண்டியது அட்ரீனலின். வயது வந்தவருக்கு அரை மில்லிலிட்டர், தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி. விலையிலும் அற்பமானது அது. அப்படியிருக்க, அவில் என்ற ஒவ்வாமை மருந்தையும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டையும் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் இன்னும் எத்தனையோ கிளினிக்குகளில் நிலவுகிறது. அவை துணை மருந்துகள். அடங்கும் மூச்சை மீட்பவை அல்ல.

இவ்வளவையும் கேட்டு, அப்படியானால் இங்கிலீஷ் மருந்தே விஷம், நாட்டு மருந்தில் பக்க விளைவே கிடையாது என்று பிரசாரம் செய்வோர் என்னைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். என் தமக்கையின் உயிரை மீட்டதும் அதே வைத்தியம்தான். மூலிகையும் உடம்பில் வேலை செய்யும் பொருளாதலால், வேண்டாத வேலையையும் செய்யக் கூடியதே. அன்றியும், விசாரியாமல் ஒரு மருந்தை ஒதுக்குவதிலும் தீங்கு உண்டு. மேல்நாடுகளில் பத்துப் பேரில் ஒருவர் தமக்குப் பெனிசிலின் ஆகாது என்று சொல்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைத் தாங்குகிறார்கள். எப்போதோ குழந்தைப் பருவத்தில் வந்த தடிப்பை வைத்து, நல்ல மருந்தை ஆயுள் முழுதும் விலக்கி, அதனினும் தாழ்ந்த மருந்துகளை உண்டு வருகிறார்கள். ஆக, உடல்வாகு என்ற சொல்லால் விசாரணையை முடித்துவிடுவது ஒருவருக்குக் கொடுக்கக் கூடாததைக் கொடுக்கச் செய்கிறது. மற்றொருவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தடுத்துவிடுகிறது.

யாரையும் குறை சொல்ல முடியாது என்பதும் சட்டத்தின் முன் நிலைக்கவில்லை. 1998 இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்த அநுராதா சாஹா என்ற இளம்பெண், லயல் விவரித்த அந்த நோயினாலேயே இறந்தார். நீண்ட நாள் நின்று வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை, நாளுக்கு இருமுறை என்ற அளவில் அவருக்குக் கொடுத்தமை முதலியவற்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2009 இல் அதைக் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது. 2013 இல் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாயும் வட்டியும் நஷ்ட ஈடாக விதித்தது. ஒவ்வாமை நேர்ந்த ஒவ்வோரிடத்தும் வைத்தியர் குற்றவாளி என்பது இதன் கருத்தன்று. ஒருவருக்கும் தெரியாத முதல் விளைவுக்கு எவரும் பொறுப்பல்லர். கேட்காமை, சொல்லாமை, எழுதாமை, நம்பாமை, நேர்ந்தபின் தவறாகக் கையாளுதல் என்பவற்றுக்கோ பொறுப்பாளி உண்டு.

நேர்ந்தது நேர்ந்துவிட்டது, இனி அதை எழுதி அறிவிப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எங்களையும் கேட்டார்கள். தைவானில் அந்த 44 பேருக்கும் நேர்ந்ததை, மருந்தின் பெயரோடு ஒருவர் குறித்து வைத்தமையால்தான் அவர்களைத் தேடிச் சேர்த்து இரத்தத்தைச் சோதிக்க முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உடல்வாகு என்று பேசிக் கலைந்திருப்பார்களாயின், பின்னால் வந்த 4,877 பேருள் அந்தப் பத்துப் பேர் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள். மருந்தினால் வரும் தீங்குகளில் நூற்றுக்கு 94 அறிவிக்கப்படாமலே போகின்றன என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2006 இல் கண்டார்கள். நம் நாட்டில் 2010 இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காஜியாபாத்திலுள்ள இந்திய பார்மகோப்பியா கமிஷனின் பொறுப்பில் நடந்து வருகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளியோ அவருடைய உறவினரோ தாமே அறிவிக்கலாம். டாக்டரின் கையொப்பம் வேண்டியதில்லை. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கும் பாரமும் நம்முடையதன்று, சந்தேகமே போதும். மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், அவர்கள் கேட்கும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றை அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.